தலைவெட்டி யார்?

மரம்வெட்டி என்றால் மரத்தை வெட்டுகிறவன். அப்படியானால் தலைவெட்டி? தலையை வெட்டுகிறவன்தானே. சேலம் பெரியேரியில் கழுத்து துண்டாகி உட்கார்ந்திருக்கிற சிலைக்குப் பேர் ‘தலைவெட்டி முனியப்பன்’. வெட்டுப்பட்டவனுக்கு வெட்டியவன் பேர்! அடிவாங்கின சேரிக்காரன் மேலேயே கேஸ் போடுகிற நாட்டில் இதிலென்ன அதிசயம்?

அந்தச் சிலை புத்தர். நாம் சொன்னால் சாதிவெறி என்பார்கள். எழுதிக் கொடுத்தது அரசின் தொல்லியல் துறை. தாமரைப் பீடம், அர்த்தபத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுமடல் எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. துண்டான தலையைப் பின்னாளில் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து இடப்பக்கம் சாய்வாக ஒட்டியதும் இருக்கிறது. 2011இல் போட்ட வழக்கில் 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். இடம் அறநிலையத்துறையிடமிருந்து தொல்லியல் துறைக்குப் போகவேண்டும். பூசை கூடாது. இது புத்தர் சிலை என்று பலகை வைக்கவேண்டும்.

என் பேச்சு அந்தப் பலகையைப் பற்றித்தான். ‘இது புத்தர் சிலை’ என்ற மூன்று சொல் போதுமா? தொல்லியல் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். இனிமேல் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஏற்கனவே சேதப்படுத்தியதைப் பற்றி மூச்சு இருக்காது. வரவை எழுதி பற்றை மறைத்தால் அது கள்ளக்கணக்கு.

1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டிதர் அயோத்திதாசரும், 1948இல் தீண்டாமையின் வேர் தேடி நூல் எழுதிய அம்பேத்கரும் சொன்னது ஒன்றுதான்: பௌத்தத்தை விடாதவர்கள்தான் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள். அதற்கு ஆதாரம் கேட்கிறவர்கள் பெரியேரிக்குப் போய் அந்தக் கழுத்தைப் பார்க்கட்டும்.

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். முனியப்பனைக் கும்பிட்டவர்களை மூடசனம் என்று ஏசாதீர்கள். புத்தர் பேரை மறந்தாலும் வெட்டை மறக்காமல் சாமி பேரிலேயே முடிந்து வைத்தது அந்தச் சனம்தான். ‘முனி’யும் அந்நியமில்லை, சாக்கியமுனி புத்தர்தானே! அவர்களிடம் ஒரு வார்த்தை விளக்காமல் சூடத்தட்டைப் பிடுங்கிவிட்டுப் பலகை நட்டால், அது ரெண்டாவது வெட்டு.

வாழப்பாடியிலிருந்து கிழக்கே ஆத்தூர் தாண்டினால் தியாகனூர். அங்கே புத்தர் புத்தராகவே இருக்கிறார். மேற்கே சேலத்தில் பேர் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறார். எப்படிப் பறிபோனது என்று நடுவில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகம் சொல்லித்தரும்? ஆகவே பலகையில் இப்படி எழுதச் சொல்லிக் கேட்போம்:

“இவர் புத்தர். இவர் தலை துண்டிக்கப்பட்டது. பின்பு இந்துசாமி ஆக்கப்பட்டார். முனியப்பனாக இவரைக் கும்பிட்ட மக்கள் அந்த வெட்டை மறக்கவில்லை. தலைவெட்டி இவரல்ல.”

கடைசி வரியை மட்டும் எவனும் அழிக்க விடக்கூடாது.