கண்டுபிடிக்கிற வேலைக்கும் கூலி உண்டு

என் அக்கா மகன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தன் புதுக் கணினியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, கிள்ளானில் என் வாசலில் வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் இன்னும் பசியாறக்கூட இல்லை. பையனுக்குப் பத்தொன்பது வயது. ஏழு மாதம் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் லோ யாட் பிளாசாவுக்கு மூன்று நடை போய்ச் சாமான் வாங்கி, தானே கூட்டிய கணினி. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றும், மூன்று விநாடியில் நிற்கும், தானாக மறுபடி சுற்றும். திரையில் ஒன்றும் வராது. "சித்தி, நீங்க ஃபேக்டரியில டெஸ்டிங்லதானே இருந்தீங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்றான்.

என்னிடம் வருவதற்கு முன் இரண்டு கடைகளுக்குப் போயிருக்கிறான். ஒரு கடையில் ரேம் கெட்டுவிட்டது என்று புதிது கொடுத்தார்கள், 280 ரிங்கிட். இன்னொரு கடையில் பவர் சப்ளைக்குத் தெம்பு போதாது என்றார்கள், 390 ரிங்கிட். 670 ரிங்கிட் போன பிறகும் விசிறி அதே மூன்று விநாடிதான் சுற்றியது. மதர்போர்டைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

காப்பார் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து ஃபேக்டரி பஸ் ஏறி சுங்கைவே தடையற்ற வணிக வட்டாரத்துக்கு நான் வேலைக்குப் போனது 1987-இல். 22 ஆண்டுகள் டெஸ்டிங் லைனில் நின்றேன். பழுதான பலகை வந்தால் அதைத் தூக்கிப் போட முடியாது. என்ன பழுது, எந்த இடத்தில், எதனால் என்று சீட்டு எழுதி ஒட்டினால்தான் அது லைனைவிட்டு நகரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, நல்லது என்று தெரிந்த பொருளோடு வைத்து ஒப்பிடு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

அதையேதான் சாப்பாட்டு மேசையில் செய்தேன். முதலில் கேள்விகள். டிடிஆர்5 நினைவகம் போட்ட புதுக் கணினி, முதல்முறை உயிர் பெறும்போது நினைவகத்தைத் தனக்குப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பொறுக்காமல் அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இவனுடையதில் விசிறியே நின்றுவிடுகிறதே, அதனால் இது வேறு. சிபியு பக்கத்து எட்டு முனை மின்கம்பி இறுக்கமாக இருந்தது. குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் உரித்திருந்தான். மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு. அதில் ரேமுக்கான விளக்குதான் ஒரு கணம் மின்னி அணைந்தது. முதல் கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டும். ஏன் நின்றது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றினோம். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதைக் கிடத்தி, சிபியு, அதன் விசிறி, சிபியுவிலிருந்து இரண்டாவது பள்ளத்தில் ஒரே ஒரு ரேம், அவன் முதலில் வாங்கிய அதே பழைய பவர் சப்ளை, இவ்வளவு மட்டும் மாட்டினோம். பொத்தானுக்கான இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் தொட்டேன். விசிறி சுற்றியது. மூன்று விநாடி, பத்து விநாடி, நிற்கவில்லை. திரை மட்டும் இருட்டு. பையன் அணைக்கக் கை நீட்டினான், பிடித்துக்கொண்டேன். நான்கு நிமிடம் இருக்கும், பயாஸ் பக்கம் வந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கெட்டுவிட்டதாகச் சொன்ன ரேமைப் போட்டோம், ஓடியது. இரண்டு ரேமையும் போட்டோம், ஓடியது. திரும்பக் கேசில் வைத்துத் திருகினோம். மறுபடி மூன்று விநாடி.

அப்படியென்றால் கேஸ்தான். அது நண்பன் சும்மா கொடுத்த பழைய கேஸ். மதர்போர்டு தகட்டில் படாமல் தாங்க, திருகு ஓட்டைகளுக்கு நேராகச் சின்னப் பித்தளைக் கால்கள் நட்டிருப்பார்கள். நண்பன் வைத்திருந்தது சிறிய மதர்போர்டு, இவன் வாங்கியது பெரியது. இரண்டுக்கும் ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் வருவதில்லை. சிறியதற்கு நட்ட கால் ஒன்று அப்படியே நின்று, ஓட்டையே இல்லாத இடத்தில் பெரிய பலகையின் முதுகை முட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்து ஈயப்பற்றில் கீறல் தெரிந்தது. மின்சாரம் அந்தக் கால் வழியாகக் கேசுக்குள் இறங்கும், மின்னழுத்தம் சரியும். பவர் சப்ளை 'எல்லாம் சீர்' என்று மதர்போர்டுக்கு ஓயாமல் அனுப்பவேண்டிய சமிக்ஞை அறுந்துபோகும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். காலைக் கழற்றி எடுத்தேன். கணினி ஓடியது.

அந்த இரண்டு கடைக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் தேடியது இரண்டரை மணி நேரம். கடையில் ஒருவர் இரண்டரை மணி நேரம் செலவழித்து, "ஒரு பித்தளைக் கால்தான், எடுத்துவிட்டேன், 100 ரிங்கிட் கொடுங்கள்" என்றால் நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்? "ஒண்ணுமே மாத்தலியே, எதுக்குக் காசு?" என்றுதான் கேட்போம். பொருளுக்குத்தான் காசு தருவோம் என்றால் அவர்களும் பொருளைத்தான் விற்பார்கள். நாம் பழக்கியதுதான் அது.

இந்த நாட்டில் இப்படி இருப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் 1972-இல் திறந்தது. இன்று உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. தோட்டத்துப் பெண்களும் கம்பத்துப் பெண்களும் உருப்பெருக்கியில் கண் வைத்துப் பழுது தேடித்தான் அந்தப் பெயர் வந்தது. சோதிப்பதில் உலகுக்கே பெயர்போன நாட்டில், தெருமுனைக் கடையில் சோதிப்பதற்கு ஒரு விலைகூட எழுதி வைத்திருப்பதில்லை.

எழுதி வைக்க வேண்டும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்சிலோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், 'பழுது கண்டறிய இவ்வளவு' என்று கண்ணாடியில் ஒட்டட்டும். என்னென்ன சோதித்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. வாங்கிய பொருள் உண்மையிலேயே பழுதென்றால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் நிற்கும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் எது பழுது என்று தெரியாமல் எதைக் கோருவது? இவனுடைய விஷயத்தில் வாங்கிய ஒரு பொருளிலும் பழுதே இல்லை.

மாலையில் கிளம்பும்போது பையன் 50 ரிங்கிட்டை எடுத்து நீட்டினான். அக்கா போனில் சத்தம் போட்டாள், சொந்தப் பிள்ளையிடம் காசு வாங்குவாயா என்று. நான் வாங்கிக்கொண்டேன். சோதித்ததை எல்லாம் வரிசையாக எழுதிய தாளை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன்.