பாடம் நடத்தினால் பாதிக் கலைஞரா?

கட்டடக் கலை படித்த பெண் கல்லூரியில் வடிவமைப்பு கற்பிக்கப் போனால், "குடும்பத்துக்குத் தோதான வேலை" என்கிறார்கள். அதே வகுப்பில் ஆண் நின்றால் அவர் சிந்தனையாளர். வேலை ஒன்று, மதிப்பு இரண்டு.

டெனிஸ் ஸ்காட் பிரவுனைப் பாருங்கள். இன்றைய ஜாம்பியாவில் 1931இல் பிறந்தவர். ஜோகனஸ்பர்க்கிலும் லண்டனிலும் படித்து அமெரிக்கா வந்து, 1960இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே அப்போது லூயி கானும் கற்பித்தார். கான் வகுப்பில் பேசியது தத்துவமாக இன்றும் வாசிக்கப்படுகிறது. டெனிஸ் கற்பித்ததற்கு அந்தப் பெயர் கிடைத்ததா?

லாஸ் வேகாஸின் தெருக்களைப் பார்க்க 1966இல் சக ஆசிரியர் ராபர்ட் வென்டூரியை அழைத்தவர் டெனிஸ்தான். மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். 1968இல் ஸ்டீவன் ஐசனூரும் சேர, யேல் மாணவர்களோடு அந்நகரின் விளம்பரப் பலகைகளையும் கார் நிறுத்துமிடங்களையும் ஆராய்ந்தார்கள். அந்த வகுப்பு 1972இல் 'லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகாஸ்' என்ற நூலாயிற்று. எழுதியவர்கள் மூவர். புகழ் போனது ஒருவருக்கு.

இந்த அநீதியைப் பற்றி 1975இலேயே டெனிஸ் கட்டுரை எழுதிவிட்டார். வெளியிட்டால் வேலை வாய்ப்பு கெடும் என்று வைத்திருந்தார். அது அச்சேறியது 1989இல். ஒரு பெண் உண்மையை எழுதி பதினான்கு ஆண்டுகள் பூட்டி வைக்க வேண்டியிருந்த துறை இது.

1991இல் பிரிட்ஸ்கர் விருது வென்டூரிக்கு மட்டும் தரப்பட்டது. டெனிஸ் விழாவைப் புறக்கணித்தார். கட்டடத்துக்குத்தான் விருது, பாடத்துக்கு அல்ல என்று சமாதானம் சொல்பவர்கள் விருதுக் குறிப்பைப் படிக்கட்டும். கட்டடங்களோடு அவருடைய கோட்பாடுகளையும் அது போற்றுகிறது. வகுப்பறையில் இருவரும் சேர்ந்து வளர்த்த சிந்தனை, ஆணின் கணக்கில் மட்டும் எப்படி வரவானது?

2013இல் ஹார்வர்ட் மாணவிகள் இருவர் மனு தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், வென்டூரி உட்பட. பழைய நடுவர் குழுவின் முடிவை மாற்ற இயலாது என்பதே பதில். 2016இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை இருவருக்கும் சேர்த்து வழங்கியது. அதற்காகத் தன் விதியையே முன்னதாகத் திருத்தியிருந்தது. ஆக, முடியாதது எதுவுமில்லை; மனம்தான் இல்லை.

தனி மேதை என்ற கதையைக் கைவிடச் சொல்கிறோம். வகுப்பில் பிறந்த வடிவமைப்புக்கு, பிறப்பித்தவர்கள் அனைவரின் பெயரும் வேண்டும். கற்பித்த ஆண்டுகளைத் தொழிலின் இடைவெளி என்று அல்ல, தொழில் என்றே எழுதுங்கள்.