நோயாளிகளின் உரிமையைப் பறிக்காதே!

எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி மருந்துகளை ஆராய்ந்துவரும் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில்லும் அவரது குழுவினரும் 2014இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஹெபடைடிஸ்-சி நோயைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் மாத்திரையைப் பெருமளவில் தயாரித்தால், 12 வாரச் சிகிச்சைக்கு ஆகும் உற்பத்திச் செலவு 68 முதல் 136 டாலர்தான். அமெரிக்காவில் கிலியட் நிறுவனம் நிர்ணயித்த விலையோ 84 ஆயிரம் டாலர்! ஆராய்ச்சிச் செலவு என்ற வழக்கமான சமாதானம், 600 மடங்குக்கும் மேற்பட்ட இந்தக் கொள்ளையை நியாயப்படுத்தாது.

இந்தியாவில் இம்மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்தவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் தில்லி அமைப்பும் ஒன்று. அவர்களில் பலரை ஹெபடைடிஸ்-சியும் சேர்ந்தே தாக்குகிறது. 2015 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2016 மே மாதம் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது என்பது வேறு. ஆனால் எதிர்ப்பு நிலுவையில் இருந்தபோதே இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்திருந்தது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இம்மருந்தை இலவசமாக வழங்க முடிவது, விலை வீழ்ந்ததால்தான்.

காப்புரிமை வழங்கப்படும் முன்பே எதிர்க்கும் இந்த உரிமை, 2005 சட்டத் திருத்தத்தின்போது இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் போராடிக் காத்தது. அதற்குக் கட்டணம் விதித்தும், எதிர்ப்பு மனுவை ஏற்கலாமா என்பதை அதிகாரியே முதலில் தீர்மானிக்கும்படி செய்தும், 2024 மார்ச்சில் மோடி அரசு விதிகளைத் திருத்தியது. அவ்விதிகள் உடனடியாகத் திரும்பப் பெறப்பட வேண்டும்.