ரெண்டாயிரம் தானேன்னு சொல்ற சாருக்கு

எங்க ஊர்ல இப்போ வீடு விற்க போர்டு மாட்டத் தேவையில்லை. கோயமுத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் வந்து நிற்கிறது. பழைய ஓட்டு வீடு, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ரெண்டு தென்னை இருந்தால் போதும், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். வரட்டும். பூட்டிக் கிடந்து கரையான் தின்பதற்கு, யாரோ ஒருத்தர் வந்து விளக்கேற்றினால் நல்லதுதான். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பலபேர் அப்படி ஒரு வீட்டு ஆசையோடு இருப்பவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

வீடு வாங்கி வருகிற நீங்கள் கரண்ட் கனெக்‌ஷனுக்குக் கொடுக்கிற காசு எங்க ஊர் ஏழைகளின் கழுத்தைப் பிடிக்கிறது. கட்டணத்தைச் சொல்லலை. கட்டணத்துக்கு மேல கொடுக்கறீங்களே, அதைச் சொல்றேன்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பத்திரம் பதிந்தாச்சு. வளர்பிறையில் நாள் பார்த்து, பால் காய்ச்சத் தேதியும் குறித்தாச்சு. அதற்கப்புறம்தான் சார் மீட்டர் பொட்டியைத் திறந்து பார்க்கிறார். கனெக்‌ஷன் பழைய ஓனரின் தாத்தா பேரில் இருக்கு. பில் கட்டாததால் ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். யாரைப் பார்ப்பது என்று கேட்டால் டீக்கடையில் ஒருவரைக் கை காட்டுவார்கள். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ரெண்டு பேனா, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. அவர் ஆபீஸ் ஆளும் இல்லை, எலக்ட்ரீசியனும் இல்லை. ஆனால் எல்லாம் அவருக்குத் தெரியும். "பேர் மாத்தி, லைன் குடுத்து, எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ஆகும் சார். உள்ளயும் குடுக்கோணும்ல?"

சார் எதற்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. ரசீது கேட்பதில்லை. காய்கறிச் சந்தையில் எங்க தக்காளிக்கு அஞ்சு ரூபாய் குறைத்துக் கேட்கிற அதே சார்தான், இங்கே போனை நீட்டி ஜீபே பண்ணிவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார். ஒருவர் என்னிடமே சொன்னார்: "ஃபீஸ் எப்படியும் கட்டணும். மேல ரெண்டாயிரம் மூவாயிரம் தானே? லீவு போட்டு அலையறதுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை."

அந்தப் பணம் உண்மையிலேயே 'உள்ளே' போகிறதா, ரெக்சின் பையிலேயே தங்கிவிடுகிறதா என்று கொடுத்தவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பையைத் தாண்டுவதில்லை.

இப்போ அந்த 'தானே'வுக்கு வருவோம்.

எங்க தோட்டத்துக்குக் களை வெட்ட வருகிற அக்கா ஒருவர். அறுபதை நெருங்குகிறார். புருஷன் இல்லை. ரெண்டு மாட்டை விற்று, சீட்டுப் பணத்தைச் சேர்த்து, பேத்தி பேரில் இல்லாமல் தன் பேரிலேயே ஒரு சின்ன வீடு வாங்கினார். ஒரு ரூம், ஒரு அடுப்படி, வெளியில் கக்கூஸ். ஆயுசுக்கும் குத்தகைச் சாளையில் இருந்தவருக்கு அது அரண்மனை. அதே டீக்கடை, அதே ரெக்சின் பை. அக்காவிடமும் ஆறாயிரம்தான் கேட்டிருக்கிறார். குறைக்கச் சொன்னதற்கு வந்த பதில்: "போன வாரம் மெட்ராஸ் சாரே மறுபேச்சு இல்லாம குடுத்தாரு. உனக்கு மட்டும் தனி ரேட்டா?" கூடவே, "பழைய பாக்கி இருபதாயிரம் இருக்கு, அதை நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்று ஒரு பயமுறுத்தலும்.

எங்க பக்கம் பொம்பளை ஆள் கூலி 400 ரூபாய். ஆறாயிரம் என்பது பதினஞ்சு நாள் வேலை. மழை வந்தால் வேலை இல்லை, அதையும் சேர்த்தால் ஒரு மாசம். அக்கா ஏழு வாரம் மண்ணெண்ணெய் விளக்கிலும், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக இழுத்த ஒரு ஒயரிலும் காலம் தள்ளினார். அந்த ஒயருக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாசம் 200 தனி. பிளஸ் டூ படிக்கிற பேத்தி போன் டார்ச்சில் படித்தது. களை வெட்டும்போது என்னிடம், "தம்பி, ரெண்டு ஆட்டுக்குட்டிய வித்துக் குடுத்தர்லாம்னு பாக்கறேன்" என்று அக்கா சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

சர்வீஸ் நம்பரைப் போட்டுப் போனிலேயே பார்த்தோம். இருபதாயிரம் பாக்கி இல்லை. தாமதக் கட்டணமெல்லாம் சேர்த்து 412 ரூபாய். வீட்டை விற்றவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், பெயர் மாற்றத்துக்கும் டெபாசிட்டை மாற்றுவதற்கும் சம்மதக் கையெழுத்து வாங்கி வந்தேன். பத்திர நகல், வீட்டு வரி ரசீது, ஆதார். பிரவுசிங் சென்டர் பையன் ஏற்றிக் கொடுத்தான், அவனுக்கு 100 ரூபாய். பெயர் மாற்றத்துக்கு வந்த ரசீதில் இருந்த தொகை ஆயிரத்தைத் தொடவில்லை. பாக்கியைக் கட்டி லைனும் வந்துவிட்டது. உள்ளே யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்காவை ஏழு வாரம் இருட்டில் வைத்தது எந்தச் சட்டமும் இல்லை. மெட்ராஸ் சார் போட்டுக் கொடுத்த ரேட்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "உங்களுக்குத்தான் கரண்ட் ஃப்ரீ ஆச்சே!" இதைச் சொல்லாத பட்டணத்து ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அய்யா, ஃப்ரீ என்பது கிணத்து மோட்டாருக்கு. வீட்டுக்கு எங்களுக்கும் மீட்டர்தான், எங்களுக்கும் ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்தான். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம் என்பது அக்கா வீட்டுக்கும் உண்டு, உங்கள் அபார்ட்மென்டுக்கும் உண்டு. மோட்டாருக்கு வந்த இலவசமும் சும்மா வரவில்லை. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா, ஆமாம் ஒரே ஒரு பைசா, ஏற்றியதற்கு எதிராகப் போராடி, பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டு கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து, 1990 வாக்கில்தான் எல்லா விவசாயிக்கும் இலவசம் ஆனது. ஒரு பைசாவுக்கு ரோட்டுக்கு வந்த மண்ணில் வந்து நின்றுகொண்டு 'ரெண்டாயிரம் தானே' என்கிறீர்கள்.

(அந்த இலவச மோட்டார் கனெக்‌ஷனுக்கும் விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அவசரம் என்றால் தட்கல் திட்டம், அஞ்சு குதிரைத்திறனுக்கு ரெண்டரை லட்சம் என்று ஆரம்பித்தது. அதன் மேல் எனக்கு வேறு கோபம் இருக்கிறது, ஆனால் அதற்காவது ரசீது தருகிறார்கள்.)

அடுத்தது 'டைம் இல்லை' என்கிற வாதம். இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைப் படியுங்கள். வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாசத்துக்குள் கரண்ட் கொடுக்க வேண்டும். கம்பம் நட்டு லைன் நீட்ட வேண்டியிருந்தால் மட்டும் கூடுதல் நாள். தவறினால் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அது பழைய கணக்கு. 2020-ல் மத்திய அரசு போட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளை 2024 பிப்ரவரியில் திருத்தி, நாளை இன்னும் சுருக்கினார்கள். பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைக் கிராமத்தில் 30 நாள்.

இந்த நாட்கணக்கு எப்போது ஓட ஆரம்பிக்கும்? முழுமையான விண்ணப்பம் கொடுத்து, தேதி போட்ட அத்தாட்சி உங்கள் கைக்கு வந்த பிறகு. ரெக்சின் பையிடம் கொடுத்தால் என்ன அத்தாட்சி இருக்கு? அவர் என்றைக்கு விண்ணப்பம் போட்டார், போட்டாரா என்றே உங்களுக்குத் தெரியாது. சட்டம் உங்களுக்குக் கொடுத்த கடிகாரத்தைக் காசு கொடுத்து நீங்களே நிறுத்திவிட்டு, 'இங்க எல்லாம் லேட்டாகும் சார்' என்று அவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறீர்கள். அவருக்கு லேட் ஆனால்தானே பிழைப்பு.

கட்டணமும் யாரோ வாயில் வந்ததைச் சொல்கிற சமாச்சாரம் இல்லை. புதுசாகக் கட்டிய வீட்டுக்குப் புது இணைப்பு என்றால் பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், மீட்டர் காப்புத்தொகை, மேம்பாட்டுக் கட்டணம், டெபாசிட் என்று தனித்தனித் தலைப்பில் வரும். சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, எத்தனை கிலோவாட் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஏசி, ஹீட்டர், கார் சார்ஜர் என்று வேண்டாத லோடையெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் 'ஏன் இவ்வளவு' என்று கேட்கிறவர்களும் உண்டு. இணைப்புக்கு நியாயமாக ஆன செலவைத்தான் வாங்கலாம் என்று 46-ஆம் பிரிவு சொல்கிறது. டெபாசிட்டுக்கு வட்டி தரவேண்டும் என்று 47 சொல்கிறது. பழைய வீடு வாங்கினால் இத்தனை தலைப்பே கிடையாது. பெயர் மாற்றக் கட்டணம், அவ்வளவுதான். விற்றவர் சம்மதக் கடிதம் கொடுத்தால் அவர் கட்டி வைத்த டெபாசிட்டும் உங்கள் பேருக்கு வந்துவிடும். கொடுக்காவிட்டால் நீங்கள் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்து, டெபாசிட்டைப் புதுசாகக் கட்ட வேண்டியிருக்கும். பத்திர ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கிற அரை மணி நேரத்தில் வாங்க வேண்டிய ஒரு கையெழுத்து அது. பணத்தை எண்ணி வாங்கிய பிறகு விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

பழைய பாக்கி விஷயத்தில் மட்டும் ரெக்சின் பை சொல்வதில் அரைவாசி உண்மை இருக்கு. முந்தைய ஓனர் வைத்த கரண்ட் பாக்கியைப் புது ஓனரிடம் கேட்கலாமா என்று நாடெங்கும் ரொம்ப நாள் வழக்கு நடந்தது. கே.சி.நைனான் எதிர் கேரள மின்வாரியம் என்ற வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விதிகளில் இடம் இருந்தால், பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று கேட்கலாம் என்று. வில்லங்கச் சான்றிதழை முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்க்கிற நீங்கள், சர்வீஸ் நம்பரைப் போட்டு ஒரு நிமிஷம் பாக்கியைப் பார்ப்பதில்லை. கிரயத்துக்கு முன்னால் பார்த்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம். பின்னால் பார்த்தால் உங்கள் கைக்காசு.

'குடுத்தாத்தான் நடக்கும்' என்று இன்னமும் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். ஏழு வருஷம் வரை ஜெயில். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பலாம். ஜீபேயில் அனுப்பினால் அதற்கு ரெக்கார்டும் இருக்கும். ரசீது கேட்காத சார், தன் கைப்பட ஒரு சாட்சியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது எங்க ஊரே திகைத்து நின்றது. பாதி கனெக்‌ஷன் செத்துப்போனவர்கள் பேரில். பாகம் பிரித்தபோது மாற்றவில்லை, விற்றபோது மாற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்போதும் சிலர் நேரில் போய் மாற்றிக்கொண்டார்கள். மீதிப்பேர் இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ரெக்சின் பை சாப்பிடுவது இந்தச் சோம்பலைத்தான், இதில் எங்க ஊர்க்காரர்களையும் நான் விடுவதாக இல்லை. அவர்களுக்கு நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிற பெங்களூர் சார் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். சார், அந்த கனெக்‌ஷன் விற்கிறவர் பேரில் இல்லை, அவர் அப்பா பேரில் இருக்கு. அவர் தவறி பத்து வருஷம் ஆகுது. பிள்ளைகள் மூணு பேர், ஒரு பொண்ணு காங்கேயத்தில். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வாங்கி, மூணு பேர் சம்மதக் கையெழுத்தையும் கிரயத்தன்னைக்கே சேர்த்து வாங்கிடுங்க. வாங்கிட்டு நேரா பிரவுசிங் சென்டருக்குப் போங்க. டீக்கடையில் டீ மட்டும் குடிங்க, நல்லா இருக்கும்.