உளியைச் சிரிக்காதீர்!

முதலாமாண்டு கார்பெண்டரி ஷாப்பில், "டிப்ளமோ படிக்க வந்தவனுக்கு உளி எதுக்குடா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் அப்பா தச்சர் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற விடுமுறையில், பர்மிங்காமில் வேலை பார்க்கும் அண்ணன் டிக்கெட் அனுப்ப, இங்கிலாந்து போனேன். ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். இருபுறமும் மரம் அடர்ந்த சரிவு. அப்படியொரு அமைதி! 1709-இல் ஆபிரகாம் டார்பி கோக் கரியால் இரும்பு உருக்கியதும், பிறகு உலைப் புகை சூழ்ந்து கிடந்ததும் இங்கேதான் என்றால் நம்ப முடியவில்லை.

அங்கே 1779-இல் எழுப்பிய வார்ப்பிரும்புப் பாலம் நிற்கிறது. 100 அடி வளைவு, 378 டன் இரும்பு. 1934 முதல் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். அட, எல்லாம் தச்சு மூட்டு! டவ்டெயில், கழுந்தும் துளையும், ஆப்பு! இவ்வளவு பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தை அதுவரை எவரும் கட்டியதில்லை. தெரிந்த மரவேலைதான் கைகொடுத்தது. வடிவமைத்த தாமஸ் பிரிச்சர்டும் தச்சர் மகன்தான், அத்தொழிலையே கற்றவர். பாலத்தைப் பார்க்காமலே 1777-இல் இறந்துவிட்டார்.

புதிய தொழில்நுட்பம், அப்பன் தோளில் ஏறும் பிள்ளை மாதிரி, பழைய தொழிலின் தோளில் ஏறித்தான் உயர்கிறது. ஏறிய பிறகு தோளை மறப்பது என்ன நியாயம்?

ஊர் திரும்பியதும் அப்பாவிடம், "ஒரு டவ்டெயில் வெட்டிக் காட்டுங்கப்பா" என்றேன். இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்: நான் தச்சர் மகன்!