சில்லிக்கு மூலபாடம் உண்டா?

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் நம் தங்கை செவிலியாகப் பணிபுரிகிறாள். 2019-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவள் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தோம். பன்னிரண்டு மணி நேரப் பணி; காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். பணிநாள்களில் விடியுமுன் எழுந்து, மாட்டிறைச்சியும் மிளகாய் விழுதும் ராஜ்மாவும் ஸ்லோ குக்கரில் இட்டு மூடிவிட்டுப் போவாள். இரவு அவள் திரும்பும்போது வீடு முழுவதும் சீரக மணம் நிறைந்திருக்கும். கைகால் கழுவி உட்கார்ந்தால் உணவு ஆயத்தம்.

அப்படியோர் இரவில் நண்பர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். தமிழர், இருபது ஆண்டுகளாக டெக்சஸ்வாசி, நல்ல வாசகர். இரண்டு கரண்டி உண்டபின் சொன்னார்: “சுவையாகத்தான் இருக்கிறதம்மா. ஆனால் இதைச் சில்லி என்று சொல்லக் கூடாது.” ராஜ்மா சேர்த்தது முதற்குற்றமாம், மின்பானையில் வேகவைத்தது அதனினும் பெரிய குற்றமாம். அடுப்பருகே நின்று கிண்டாதவர்க்குச் சில்லி வாய்க்காதாம். தங்கை சிரித்துக்கொண்டே, “அப்படியானால் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்றாள். நம்மால் சிரிக்க இயலவில்லை. அன்று விருந்தினர் என்பதால் விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறோம்.

தமிழ் கற்பிப்பது நம் தொழில். மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் ஆகிய சொற்களோடு இருபது ஆண்டுகளாகப் புழங்கி வருகிறோம். ஒரு செய்யுளை இடைச்செருகல் என்று தள்ளுமுன் பதிப்பாசிரியன் எத்தனை ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது! சில்லியில் அவரையினத்தை இடைச்செருகல் என்று தள்ளும் அன்பர்கள் எந்த ஏட்டைப் பார்த்தார்கள்?

ஏடு உண்டு. அது சான் அன்டோனியோவின் சதுக்கங்களில் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரின் மிலிட்டரி பிளாசா முதலிய திறந்தவெளிகளில் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் மாலைதோறும் பலகை மேசையிட்டு, விளக்கேற்றி, சில்லி விற்றார்கள். ‘சில்லி ராணிகள்’ என்று ஊர் அவர்களை அழைத்தது. வீட்டிலேயே சமைத்து வண்டியில் கொண்டுவந்து, சதுக்கத்தில் தணலின் மேல் வைத்து இரவெல்லாம் சூடு ஆறாமல் காத்தார்கள். தட்டில் சில்லியோடு அவரையும் தமாலேயும் கூடவே இருந்தன. முன்கூட்டியே சமைத்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருந்து, பசித்து வருபவனுக்கு எடுத்துக் கொடுக்கும் உணவு அது. நம் தங்கையின் பானை வேறென்ன செய்கிறது?

மிலிட்டரி பிளாசாவில் நகர மன்றக் கட்டடம் எழுந்தபோது அப்பெண்கள் வேறு சதுக்கங்களுக்குப் பெயர்ந்தார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோவின் பெயரால் சில்லிக் கடை போடப்பட்டது. ஊருக்குப் புகழ் வந்தது. அந்தப் புகழைச் சமைத்துக் கொடுத்தவர்களை 1937-இல் நகரச் சுகாதாரத் துறை சதுக்கத்தைவிட்டு அகற்றியது. உணவகங்களுக்குரிய விதிகள் தெருவோர மேசைகளுக்கும் பொருந்தும் என்றார்கள். பெரிய முதல் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? நாற்பது ஆண்டுகள் கழித்து, 1977-இல், டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. மாலை விழுந்தது பானையின் கழுத்தில்.

இனித் ‘தூய’ மரபின் பிறப்பைப் பார்ப்போம். 1967-இல் டெர்லிங்குவா என்னும், பாதரசச் சுரங்கம் மூடப்பட்டுப் பாழான ஊரில் சில்லிப் போட்டி நடந்தது. நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித், சில்லி பற்றித் தம்மைவிட அறிந்தவர் எவருமில்லை என்று ஒரு கட்டுரை எழுதி டெக்சஸ்காரர்களைச் சீண்டியிருந்தார். அவர் செய்முறையில் அவரை உண்டு. எதிர்த்து நின்றவர் டெக்சஸ் பத்திரிகையாளர் விக் ஃபௌலர். நடுவர் மூவரில் இருவர் ஆளுக்கொரு பக்கம் வாக்களிக்க, மூன்றாமவர் தம் நாக்கு கெட்டுவிட்டதென்று சொல்லித் தீர்ப்பளிக்க மறுத்தார். போட்டி சமநிலையில் முடிந்தது! விளம்பரத்துக்கும் வேடிக்கைக்கும் நடந்த கூத்து அது, நாமும் ரசிக்கிறோம். அந்த மரபில் வந்த போட்டிகளில் இன்று அவரை கூடாது, அரிசி கூடாது, பாஸ்தா கூடாது. போட்டிக்கு விதி வேண்டும், சரி. போட்டி விதியைக் கொண்டுவந்து ஒரு செவிலியின் இராச் சாப்பாட்டின் மேல் ஏன் ஏற்ற வேண்டும்?

இயந்திரம் ஆகாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. அவர்கள் தாராளமாகத் தூவும் சில்லிப் பொடி, ஜெர்மனியிலிருந்து வந்து நியூ பிரான்ஃபெல்ஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் 1890-களில் வணிகப் பொருளாக்கியது. அரைப்பதற்கு இயந்திரம் ஆகும், வேகவைக்க ஆகாதாம்.

அந்த மின்பானைக்கும் வரலாறு உண்டு. அதை வடிவமைத்த இர்விங் நாக்சன் யூதர். ஓய்வுநாளில் சமைக்கலாகாது என்பது யூத நெறி. ஆகவே லிதுவேனியாவின் வில்னா நகரில் வெள்ளி மாலையிலேயே இறைச்சி, அவரை, வாற்கோதுமை நிறைந்த பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து, அது மறுநாள் வரை தணியும் சூட்டில் வேகும் என்று தாய் சொல்லக் கேட்டவர். ‘சோலெண்ட்’ என்று அந்த உணவுக்குப் பெயர். நாக்சனுக்கு 1940-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் ரைவல் நிறுவனம் அவர் தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் சந்தைக்கு அனுப்பியது. வேலைக்குச் சென்ற பெண்கள் அதை வாங்கினார்கள். அவரையும் இறைச்சியும் சேர்ந்து வேகவென்றே பிறந்த பானையில் அவரை இடைச்செருகலா?

இதனால் ஸ்லோ குக்கரில் எதையும் கொட்டி மூடினால் சில்லியாகிவிடும் என்று நாம் வாதிடுவதாக எண்ண வேண்டா. “எல்லாவற்றையும் போடுங்கள், மறந்துவிடுங்கள்” என்னும் செய்முறைகள்தாம் இந்தப் பானைக்குக் கெட்டபெயர் வாங்கித் தந்தன. நீர் நிறைந்த பானையில் சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணக்க ஏறத்தாழ 140 பாகை வேண்டும். ஆகவே முதல் அரைமணி இரும்புச் சட்டிக்குரியது. தோள்பகுதி இறைச்சியைத் துண்டுகளாக்கி, ஈரம் ஒற்றியெடுத்து, சட்டியில் நெருக்காமல் சிவக்கவிட வேண்டும். ஆஞ்சோ, குவாஹியோ போன்ற உலர்மிளகாய்களைக் கருகாமல் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, சீரகம் மூன்றையும் அதே கொழுப்பில் வதக்க வேண்டும். நம் தங்கை இதையெல்லாம் முந்தின இரவே முடித்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். நண்பர் கண்டது மூடிய பானையை மட்டுமே.

மூடி ஆவியை வெளியே விடாதாகையால் நீர் குறைவாகவே ஊற்ற வேண்டும். எட்டு மணி நேரத்தில் இறைச்சியின் இணைப்புத்திசு இளகிச் சாறு தானே தடிக்கும். போதாவிட்டால் இறுதியில் ஒரு கரண்டி மாசா சோளமாவு. இடையிடையே மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பானை ஒத்துவராது. சூடு இறங்கிவிட்டால் மீண்டும் ஏற வெகுநேரமாகும்.

ராஜ்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்மையிலேயே தேவை. நண்பர் அதைச் சொல்லியிருந்தால் வணங்கியிருப்போம், அவர் சொல்லவில்லை. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப்புரதம் உண்டு. நாலைந்து பச்சை மணிகளே கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்கிற்கும் போதும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூடு அதை அழிப்பதற்கு மாறாக வீரியப்படுத்திவிடவும் கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புதுநீரில் முப்பது நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே பானையில் சேர்க்க வேண்டும். டப்பாவில் வருவது முன்னமே வெந்தது, அச்சமில்லை. நம் தங்கை டப்பாவைத்தான் திறந்தாள். அதையும் ஒரு குற்றமாக நண்பர் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் மறுப்பு எழுதுவதாயின் வரவேற்கிறோம். முதல் பத்தியில் 1937-ஐப் பற்றி எழுதட்டும். அவரையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.