மொட்டை மாடியில் ஒரு யானை

போன ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு ஒரு யானை வந்தது. பயப்படாதீர்கள், வேஷ்டியைக் கட்டிய திரையில்தான்!

முதுமலைக் காட்டில், தெப்பக்காடு முகாமில், ரகு என்ற தாயில்லா யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் படம் அது. கார்த்திகி கோன்சால்வெஸ் எடுத்த 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்'. 2023-ல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. சுமார் 40 நிமிஷம்தான்.

"வீட்டிலேயே பார்த்தாச்சே, மறுபடி எதற்கு?" என்று முணுமுணுத்த எதிர்வீட்டு மாமிதான், முறுக்கு டப்பாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

விளக்கைப் போட்டதும் ஒரு சிறுமி எழுந்தாள்.

"ரகுவோட அம்மா எப்படிச் செத்துப் போச்சு?"

"மின்சாரம் தாக்கி, அம்மா."

"காட்டிலே ஏது மின்சாரம்?"

இரையும் தண்ணீரும் தேடி ஊர்ப்பக்கம் வந்ததைச் சொன்னோம்.

"காட்டிலே ஏன் கிடைக்கல்லே?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தாத்தா, "விளைந்த வாழையை யானை தின்றுவிட்டால் விவசாயி என்ன செய்வான்?" என்றார். அவ்வளவுதான்! படத்தைவிடப் பேச்சு நீண்டது.

படியிறங்கும்போது மாமி சொன்னாள்: "வீட்டில் பார்த்தபோது அழுதுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இன்றைக்குத்தான் யோசித்தேன். கோடைக்கு ஊட்டி போகிறோமே, பிளாஸ்டிக் பை ஒன்றுகூட எடுக்கப் போவதில்லை. எல்லாம் எவர்சில்வர் டப்பாதான்."

தனியே பார்த்தால் கண்ணீர். கூடிப் பார்த்தால் கேள்வி. உங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளை வேஷ்டி இருக்குமே?